அம்மாவின் முட்டி வலிக்கு ஜானு வஸ்தி, இலைக்கிழி: சுகர் இருப்பவர்களுக்குச் செய்யலாமா?

ஆழியார்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயது, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறோம். நாலு வருடமாக இரண்டு முட்டியிலும் வலி, வலது முட்டியில் அதிகம். உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடி நொண்டி நொண்டித்தான் நடப்பார். படி ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம் என்கிறார். போன மாதம் எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், தேய்மானம் மூன்றாம் நிலையில் இருக்கிறது, ஆபரேஷனுக்கு அவசரமில்லை, எடையைக் குறைத்துப் பிசியோதெரபி செய்யுங்கள் என்றார். வலி மாத்திரை போட்டால் அம்மாவுக்கு வயிறு எரிகிறது. சுகர் 12 வருடமாக இருப்பதால் கிட்னியையும் பார்க்க வேண்டும் என்று அதையும் குறைத்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு அக்கா போன ஆடியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் 14 நாள் தங்கி ஜானு வஸ்தி (முட்டியைச் சுற்றி மாவுச் சுவர் வைத்துச் சூடான தைலம் ஊற்றுவது), இலைக்கிழி (வதக்கிய இலை மூட்டையால் ஒற்றுவது) எல்லாம் செய்துகொண்டு வந்தார். இப்போது கோயிலை மூன்று சுற்று சுற்றி வருகிறார். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா ‘என்னையும் கூட்டிட்டுப் போ’ என்று தினமும் கேட்கிறார்.

வேறு ஒரு இடத்தில் போனில் விசாரித்தேன். தேய்ந்த ஜவ்வு திரும்ப வளர்ந்துவிடும் என்றார்கள். சுகர் இருக்கிறது என்று சொன்னதற்கு ‘அதெல்லாம் பிரச்சினையே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. செய்துகொண்டவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்

அம்மணி, எனக்கு 58 வயது. முப்பது வருடம் தறியில் நின்ற கால். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜானு வஸ்தி செய்துகொண்டேன், 7 நாள். சுகர் இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். உளுந்து மாவைச் சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, நீளமாக உருட்டி, முட்டியைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி இரண்டு அங்குல உயரத்துக்கு வைத்தார்கள். தண்ணீரில் நனைத்த விரலால் அடிப்பக்கத்தைத் தோலோடு ஒட்டித் தடவியபோது சில்லென்று இருந்தது. அப்புறம் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்துத் தைலத்தைச் சூடாக்கினார்கள், நேராக அடுப்பில் வைக்கவில்லை. சிகிச்சை செய்த தம்பி தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, சுவரின் உள்பக்கமாக வழியவிட்டு மெதுவாக ஊற்றினான். முதல் நிமிடம் ‘கொஞ்சம் அதிகமோ’ என்று தோன்றும். உடனே இதமாகிவிடும். ஆறினால் பஞ்சால் எண்ணெயை ஒற்றி எடுத்துப் பிழிந்துவிட்டு, சூடானதை ஊற்றுவார்கள். முக்கால் மணி நேரம் இப்படியே.

மாவை எடுத்த பிறகு எழுந்து நின்றால் முட்டி என் முட்டி மாதிரியே இல்லை, அவ்வளவு லேசாக இருந்தது. வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் நன்றாக இருந்தேன், ஆறாம் மாதம் வலி திரும்ப வந்துவிட்டது. ஜவ்வு வளர்ந்திருந்தால் ஏன் வருகிறது?

மணிமுத்தாறு

ஆழியார்_மகள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

என் அப்பாவுக்கு 20 வருட சுகர். முட்டி வலிக்கு வீட்டில் உப்பு ஒத்தடம் கொடுத்தோம். கல்லுப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, அம்மா தன் கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். ‘சூடு போதுமா’ என்று கேட்டபோது அப்பா ‘இன்னும் கொஞ்சம்’ என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, அவருக்குத் தெரியவில்லை. மூட்டையை முட்டிக்குக் கீழே, கெண்டைக்கால் ஓரமாக வைத்தபடி தூங்கிவிட்டார். காலையில் பார்த்தால் நெல்லிக்காய் அளவு கொப்புளம். அது உடைந்து ஆற நாலு மாதம் ஆனது. தினமும் கட்டு மாற்றினோம், இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலை எடுக்க வேண்டி வருமோ என்று ஒரு வாரம் நாங்கள் யாரும் தூங்கவில்லை.

சூடு நல்லதுதான். வாங்கிக்கொள்கிற தோலுக்குச் சூடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

வேம்படி_வைத்தியன்

கோவையில் ஆயுர்வேத மருத்துவம் பார்க்கிறேன், படித்தது கேரளத்தில். மணிமுத்தாறு எழுதியதைப் படித்து மனம் கனத்துப் போனது. இதே போன்ற கால்களை நானும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ஜவ்வு விஷயம். போனில் சொன்னது தவறு. ஜவ்வு என்று சொல்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, தேய்ந்துபோனால் பழையபடி வளர்ந்து மூடாது. எந்தக் கிழியும் அதைச் செய்யாது. வலிக்குப் பயந்து இறுகிக் கிடக்கிற தசையைத் தளர்த்துவதும், காலை நேர விறைப்பைக் குறைப்பதும், வலியைத் தணிப்பதும்தான் சூட்டின் வேலை. தறிச்சத்தம் அண்ணனுக்கு ஐந்து மாதம் கிடைத்தது நல்ல பலன்தான். அந்த ஐந்து மாதத்தில் என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் நூல்களில் இந்த நோய்க்குச் சந்திகத வாதம் என்று பெயர். தொட்டால் காற்றடைத்த தோல் பை மாதிரியான வீக்கம், நீட்டி மடக்கும்போது வலி என்று பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். வியர்க்க வைக்கும் சிகிச்சைகளை ஸ்வேதம் என்போம். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 14ஆம் அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான். நெருப்பை வைத்துச் செய்வது 13 வகை, நெருப்பில்லாமல் செய்வது 10 வகை. யாருக்கெல்லாம் ஸ்வேதம் கூடாது என்றும் அங்கேயே ஒரு வரிசை இருக்கிறது. கர்ப்பிணி, பித்தம் மிகுந்தவர், வயிற்றுப்போக்கு உள்ளவர், பசியோடு இருப்பவர் என்று போகிற அந்த வரிசையில் ‘மதுமேகி’ என்ற சொல்லும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிதான். ‘பிரச்சினையே இல்லை’ என்று ஒரு வைத்தியசாலையில் சொல்கிறார்கள் என்றால், தங்கள் மூல நூலையே அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அதற்காகச் சுகர் இருக்கும் யாருக்கும் சூடே தரக்கூடாது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. சுகர் கட்டுக்குள் இருக்கிறதா, தோலில் உணர்ச்சி இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா என்று பார்த்து, மிதமான சூட்டில், குறைந்த நேரம் செய்கிறேன். பார்க்காமல் செய்வதில்லை.

இன்னொன்று, எல்லா முட்டிக்கும் ஒரே சூடு கிடையாது. வறண்டு, மடக்கினால் கறகறவென்று சத்தம் வரும் முட்டிக்கு எண்ணெயோடு சேர்ந்த சூடு பொருந்தும். ஜானு வஸ்தி, இலைக்கிழி எல்லாம் அந்த வகை. இலைக்கிழிக்கு எருக்கு, ஆமணக்கு, நொச்சி, புளி இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவல், எலுமிச்சை, இந்துப்பு சேர்த்து எண்ணெயில் வதக்கி, துணியில் குடுமி வைத்துக் கட்டுவார்கள். தொடைத் தசை வற்றிப்போனவர்களுக்கு நவரைக்கிழி. அறுபது நாளில் விளையும் நவரை அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் குழைய வேகவைத்துக் கட்டுவது. முட்டி கனத்து, மந்தமாக, ஆமம் (சரியாகச் செரிக்காமல் உடம்பில் தங்கும் கழிவு என்போம்) சேர்ந்திருந்தால் எண்ணெய் கூடாது. மணல் கிழி, பொடிக்கிழி மாதிரி உலர்ந்த சூடுதான். இதை மாற்றிச் செய்தால் வீக்கம் ஏறும்.

முட்டி சிவந்து, தொட்டாலே கொதிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் எந்தச் சூடும் கூடாது. அது யூரிக் அமிலத்தால் வந்த வாதரத்தமாக இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உருவித் தேய்க்க யாரையும் விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

கணக்கு_வாத்தியார்

நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஆய்வு இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன், என் மனைவிக்கும் இதே வலி என்பதால்.

ஜெர்மனியில், பெர்லினில் ஆயுர்வேதத்துக்கும் வழக்கமான சிகிச்சைக்கும் நேருக்கு நேர் ஒரு ஒப்பீடு செய்தார்கள். 2018இல் வெளிவந்தது. முட்டித் தேய்மானம் உள்ள 151 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் 12 வாரத்தில் 15 அமர்வு. முடிவில் வலி, விறைப்பு, நடமாட்டம் மூன்றையும் சேர்த்து அளக்கும் அளவுகோலில் ஆயுர்வேதக் குழு தெளிவாக முன்னேறியிருந்தது.

மனைவியிடம் இதைச் சொன்னபோது சந்தோஷப்பட்டாள். ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். ஒன்று, அது சூட்டுச் சிகிச்சை மட்டும் இல்லை. தேய்ப்பு, உணவு, மூலிகை, ஆசனம், வாழ்க்கைமுறை ஆலோசனை எல்லாம் சேர்ந்த தொகுப்பு. இரண்டு, தனக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பரிவோடு கால் பிடித்துவிடுகிற கைக்கே ஒரு பலன் உண்டு. அதில் தைலத்தின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

அமெரிக்க மூட்டு மருத்துவர்களின் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் முட்டிக்குச் சூடோ குளிரோ வைப்பது இடம்பெற்றிருக்கிறது, ‘நிலைமையைப் பார்த்துச் செய்யலாம்’ என்ற அளவில். அதே வழிகாட்டி உடற்பயிற்சியையும், எடை கூடியவர்கள் எடை குறைப்பதையும் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது.

நடைபழகு

பிசியோதெரபிஸ்ட். 15 வருடமாக முட்டிகளோடுதான் வேலை.

> சூடு நல்லதுதான். வாங்கிக்கொள்கிற தோலுக்குச் சூடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

மணிமுத்தாறு எழுதிய இந்த இரண்டு வரியை என் கிளினிக் சுவரில் ஒட்டலாம். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

இரண்டு சில்வர் டம்ளர் எடுங்கள். ஒன்றில் குளிக்கிற சூட்டில் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர். அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். முதலில் அவர் முழங்கையின் உள்பக்கம் இரண்டையும் வைத்துக் காட்டுங்கள், சூடு எது, குளிர் எது என்று பழகட்டும். அப்புறம் முட்டியின் மேல், இரண்டு பக்கம், முட்டிக்குக் கீழே, கணுக்கால், பாதம் என்று மாற்றி மாற்றி, வரிசை தெரியாமல் வையுங்கள். நாலைந்து தடவையில் ஒன்று தப்பினாலும், ‘ஏதோ படுது, என்னன்னு தெரியலை’ என்றாலும் அந்த இடத்துக்குச் சூடு வேண்டாம். வீட்டில் பார்ப்பது முதல் படிதான். சுகர் டாக்டரிடம் 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.

சுகரில் உணர்ச்சி பாதத்திலிருந்துதான் போக ஆரம்பிக்கும், சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். அதனால் பாதம் மரத்த பலருக்கு முட்டியில் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். முட்டிக்கு வைத்த சூடு கெண்டைக்காலுக்கு நழுவும்போதுதான் விபத்து. 60 டிகிரி சூட்டுக்குத் தோல் வேக ஐந்தாறு விநாடி போதும். மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருந்தால் 44, 45 டிகிரியே சுட்டுவிடும். தூங்கும்போது சூடு வைக்காதீர்கள் என்று நாங்கள் கத்துவது இதனால்தான்.

சூடு எவ்வளவு ஆழம் போகும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மேலே வைக்கிற சூடு தோலையும் அதற்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் வரையும்தான் நன்றாகச் சூடாக்கும். அதுவே நமக்குப் போதும். சூடு வைத்து முடித்த அடுத்த அரை மணி நேரம் முட்டி வலியில்லாமல் மடங்கும். நான் அந்த அரை மணிக்காகத்தான் சூடு கொடுக்கிறேன். ஆளைப் படுத்துத் தூங்க விட்டால் அது வீணாகிவிடும்.

அந்த நேரத்தில் டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி டவலைக் கீழே அழுத்தி ஐந்து எண்ண வேண்டும். பத்துத் தடவை. பிறகு ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்றதை நேராக ஒரு முழம் தூக்கி இறக்க வேண்டும். பிறகு கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்துதான் வருகிறது. அசைந்தால்தான் அது உள்ளே போகும்.

எடையும் முக்கியம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழுகிற சுமை கிட்டத்தட்ட 4 கிலோ குறைகிறது.

தறிச்சத்தம்

> அந்த ஐந்து மாதத்தில் என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி

ஒன்றும் செய்யவில்லை வைத்தியரே. வலி போய்விட்டது என்று நேராகத் தறிக்குத்தான் போனேன். பயிற்சி என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

வேம்படி_வைத்தியன்

அண்ணா, அது எங்கள் பக்கத்துத் தவறு. சொல்லியிருக்க வேண்டும்.

நெருப்பில்லாமல் செய்யும் ஸ்வேதம் 10 வகை என்றேன் இல்லையா, சரகர் அந்த வரிசையில் முதலில் வைப்பது வியாயாமம், அதாவது உடற்பயிற்சி. சூடான அறை, கனத்த போர்வை, பசி, வெயில் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. உடம்பு தன் உழைப்பால் தானே உண்டாக்குகிற சூட்டையும் சிகிச்சை என்றே அவர் எண்ணினார். நடைபழகு சொல்கிற டவல் பயிற்சியை நான் ஆங்கில வைத்தியம் என்று ஒதுக்க மாட்டேன், எங்கள் அத்தியாயத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

ஆழியார்_மகள்

எல்லாருக்கும் நன்றி. மணிமுத்தாறு, உங்கள் அப்பா இப்போது நன்றாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

நேற்று டம்ளர் வைத்துப் பார்த்தேன். இரண்டு முட்டியிலும் அம்மா சரியாகச் சொன்னார். இடது பாதத்தில் இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். சூடான டம்ளரைக் குளிர் என்று சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. இதுநாள்வரை எங்களுக்குத் தெரியவே தெரியாது.

டாக்டர், உள்ளுக்கு மருந்தும் தருவார்களாம். கஷாயம், அரிஷ்டம் என்கிறார்கள். அதற்கும் சுகருக்கும் ஏதாவது உண்டா?

வேம்படி_வைத்தியன்

உண்டு. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் வெல்லமோ சர்க்கரையோ தேனோ சேர்த்துப் புளிக்க வைப்பவை. அதிலேயே ஊறிய கொஞ்சம் மதுவும் இருக்கும். அம்மாவுக்கு அது வேண்டாம், கஷாயமாகக் கேளுங்கள். லேகியமும் அப்படித்தான். பெயர் எழுதாத பொட்டலப் பொடி கொடுத்து, அதில் இரண்டே நாளில் வலி பறந்தது என்றால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன, அது சுகரை எங்கேயோ கொண்டுபோய்விடும். கிட்னி கணக்கை வைத்தியரிடம் முதல் நாளே காட்டுங்கள், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை எதையும் நிறுத்தாதீர்கள்.

நொச்சிவேலி

ஒரு சின்னச் சேர்க்கை. பாலக்காடு போக முடியாதவர்களும் இதைப் படிப்பார்கள். ஒற்றடம், வேது, பொட்டணம், பற்று எல்லாம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் வருபவைதான். இந்த மூட்டுத் தேய்மானத்தை அங்கே அழல் கீல்வாயு என்பார்கள். எங்கள் ஆச்சி நொச்சி இலையை ஆமணக்கு எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒற்றுவார். ஒரே இடத்தில் வைக்க மாட்டார், ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே இருப்பார். ‘வச்சா சூடு, ஒத்துனா ஒத்தடம்’ என்பார். அரசு சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சைகள் கிடைக்கும், முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

ஆழியார்_மகள்

பத்து வாரம் கழித்து வருகிறேன். என்ன ஆனது என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

பாலக்காடு போகவில்லை. பக்கத்திலேயே ஒரு ஆயுர்வேத மருத்துவரைப் பார்த்தோம். எக்ஸ்ரேயையும் சுகர் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். இந்த இடம்தான் என்று எனக்கு அப்போதே மனதில் பட்டுவிட்டது. 7 நாள் ஜானு வஸ்தி, தலா 25 நிமிடம், சூடு குறைவாக. முட்டிக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். சிகிச்சை செய்த பெண் ஒவ்வொரு தடவையும் தன் புறங்கையில் விட்டுப் பார்த்து, பிறகு அம்மாவின் முழங்கையில் விட்டுக் காட்டி, அதற்கப்புறம்தான் ஊற்றினார்.

முடித்த கையோடு பிசியோ. அம்மா முதலில் மறுத்தார், ‘வலிக்கிற காலை ஏன் ஆட்டச் சொல்றே’ என்றார். எண்ணெய் துடைத்த அந்த அரை மணியில் வலிக்காமல் மடக்க முடிந்ததை அவரே பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார். இப்போது காலையில் வெந்நீர்த் துணியைப் பத்து நிமிடம் முட்டியில் போட்டுவிட்டு, தானே டவலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. இரவு தோசை இரண்டோடு சரி.

வலி முழுதாகப் போகவில்லை. தரையில் உட்கார முடியாது, மழை நாளில் வலது முட்டி கடுக்கிறது. மாத்திரை வாரத்துக்கு ஒன்று, சில வாரம் அதுவும் இல்லை. சுகர் டாக்டர் பாதத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டோம். போன ஞாயிறு வடகம் காயப்போட 14 படி ஏறி மாடிக்குப் போனார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று பிசியோ சொல்லிக் கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தறிச்சத்தம்

ரொம்பச் சந்தோஷம் அம்மணி. நானும் டவல் போட ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகிறது. அடுத்த ஆடியில் திரும்பவும் ஜானு வஸ்திக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வைத்தியரே, ஒரு சந்தேகம். போன தடவை ஏழு நாளும் ஒரே எண்ணெயை ஊற்றினார்கள் போல இருந்தது. அது சரியா?

வேம்படி_வைத்தியன்

அதே ஆளுக்கு இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்வது வழக்கத்தில் உண்டு. அதற்கு மேல் வேண்டாம், மாவு கலந்து புளித்த வாடை வரும். உங்கள் எண்ணெய்க் கிண்ணத்தில் உங்கள் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இன்னொருவர் முட்டியில் ஊற்றியதை உங்களுக்கு ஊற்ற விடாதீர்கள். மாவு தினமும் புதிதாகப் பிசைய வேண்டும்.